நடுவர் அறைக்குப் பத்துப் புள்ளிகள்

ஒரு றக்பி லீக் கழகம் கீழே இறக்கப்படுவது மைதானத்தில் நடப்பதில்லை. அது ஓர் அறையில் நடக்கும். சிட்னியின் பரமட்டாவில், மாவட்ட லீக் அலுவலகத்தில், வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்த ஜன்னலுள்ள அறை. நீள மேசை, எட்டுக் கதிரைகள், ஒரு திரை, ஒரு தட்டில் பிஸ்கட். அந்த அறையில் குறிப்பெடுப்பவள் நான். அங்கே சேறும் இல்லை, வியர்வையும் இல்லை. முழங்கால் உரிய உரிய விளையாடிய பிள்ளைகளின் பருவம், தட்டில் பிஸ்கட் தீர்வதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

தொலைக்காட்சியில் வரும் பெரிய லீக்கில் இது கிடையாது. கடைசியாக வந்த கழகத்துக்கு மரக்கரண்டி கிடைத்ததென்று ஒரு வாரம் கேலி செய்வார்கள். அடுத்த வருடமும் அந்தக் கழகம் அங்கேயேதான் இருக்கும். அனுமதிப்பத்திரம் கையில் இருக்கும்வரை எத்தனை முறை தோற்றாலும் அவர்களை இறக்க வழியில்லை. ஏற்றமும் இறக்கமும் எங்களைப் போன்றவர்களுக்கு, சனிக்கிழமை காலையில் பெற்றோர் தோடம்பழம் வெட்டிக் கொடுக்கும் மாவட்டப் போட்டிகளுக்கு. தோற்பதற்கான தண்டனை சின்ன ஆட்களுக்கு மட்டும்தான் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கவனித்தேன். அதற்காக வருந்தினேன் என்று எழுதினால் பொய். தண்டனையை ஒழுங்காகக் கணக்கிடுவது என் வேலை. அதை நான் நன்றாகச் செய்தேன்.

முறை இதுதான். பருவத்தின் முதல் ஐந்து வாரம் எல்லா அணிகளும் கலந்து விளையாடும். பிறகு தரப்படுத்தும் குழு கூடி, எட்டு அணிகளை முதற்பிரிவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை இரண்டாம் பிரிவுக்கு அனுப்பும். நான் வருவதற்கு முன் குழுவிலிருந்த ஐந்து பேரும் தங்களுக்குள் கதைத்து முடிவெடுத்தார்கள். யாருடைய மருமகன் எந்தக் கழகம் என்பதும் அந்தக் கதைக்குள் இருந்தது. நான் ஒரு புள்ளித்தாள் செய்து கொடுத்தேன். வெற்றிகளுக்கு அறுபது. மிச்ச நாற்பதும் கழகம் நடத்தப்படும் விதத்துக்கு: மைதானம், முதலுதவியாளர், அணிப்பட்டியலை நேரத்துக்குக் கொடுத்தது, பார்வையாளரின் நடத்தை, நடுவர் உடுப்பு மாற்றும் அறை.

நடுவர் அறைக்குப் பத்து வைத்தேன். குழுத்தலைவி ஒரு காலத்தில் தானே நடுவராக இருந்தவர், அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. பத்து கொஞ்சம் அதிகமில்லையா என்று கேட்டார். போன பருவத்தில் நடுவராக வந்த ஒரு பெண் தன் காருக்குள் துவாயைப் பிடித்துக்கொண்டு உடுப்பு மாற்றியதையும், வெளியே நின்றவர்கள் கண்ணாடியில் தட்டிச் சிரித்ததையும் சொன்னேன். "அப்படியானால் பத்து சரி" என்றார். அறை இருந்தால் பத்து, இல்லாவிட்டால் பூச்சியம். பாதிப் புள்ளி என்ற ஒன்றை நான் வைக்கவில்லை. பாதி கொடுத்தால் எல்லோரும் பாதியோடு நின்றுவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே இல்லை. அப்பா இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். படகில் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது, தங்கை கைக்குழந்தை. தற்காலிக விசாக்காரருக்குப் பல்கலைக்கழகத்தில் அரசாங்கக் கடன் கிடையாது. உதவித்தொகை வாங்கிப் புள்ளிவிவரவியல் படித்தேன். நார்த்மீட்டில் எங்கள் தெருவில் ஆறு தமிழ் வீடுகள். ஆறு வீட்டுக்கும் வரும் அரசாங்கக் கடிதங்களைப் பதின்மூன்று வயதிலிருந்து வாசித்துச் சொல்லிப் பதில் எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கு அது பெருமை. இன்றைக்கும் பெருமைதான்.

தங்கைக்குப் படிப்பு ஓடவில்லை, அவள் ஓடினாள். எங்கள் பகுதிக் கழகத்தில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் விங் ஆட்டக்காரி. பந்தை வாங்கிக் கோட்டோரமாக அவள் ஓடத் தொடங்கினால், சும்மா நாயோடு நடக்க வந்தவர்களும் நின்று பார்ப்பார்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவாளர்கள் முதற்பிரிவு ஆட்டங்களை மட்டும்தான் பார்க்க வருவார்கள். இந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அது கடைசி வருடம். அணி கீழே போனால் அவளை யாரும் பார்க்கப் போவதில்லை. வீட்டில் அவள் வேறெதையும் கதைக்காத காலம் அது.

"அக்கா, நாங்கள் ஆறாவது. எட்டுக்குள்ள நிக்கிறம். சேஃப் தானே?"

"வெற்றியில ஆறாவது. மிச்சப் புள்ளி இன்னும் போடேல்லை."

"மிச்சமெண்டா? ரொய்லட் எண்ணுறதா?"

"அதுவும்தான்."

"லிட்டரலி, ரொய்லட் எண்ணத்தானா இவ யூனிக்குப் போனவ?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா சிரித்தார். "எண்ணத் தெரிஞ்சவள் எண்ணுறாள். நீ சாப்பிட்டிட்டு ஓடு."

குழுவுக்கு வேலை செய்பவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நீங்களோ, உங்கள் துணையோ, உங்கள் பிள்ளையோ ஏதாவதொரு கழகத்தில் விளையாடுகிறீர்களா என்று அது கேட்டது. சகோதரியைப் பற்றிக் கேட்கவில்லை. இல்லை என்று எழுதினேன். நாங்கள் வந்து இறங்கிய அன்று பதிந்த அதிகாரி எனக்குக் கடைசிப் பெயராக அப்பாவின் பெயரை எழுதினார். தங்கைக்கு, அவளைத் தூக்கி வைத்திருந்த அம்மாவின் பெயரை எழுதிவிட்டார். மாற்றக் கேட்டால் விசா இழுபடும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டோம். அதனால் நாங்கள் சகோதரிகள் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேள்விகளை நுணுகி வாசிக்கப் படித்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற உண்மை அது.

என்னுடையது ஆறு மாத ஒப்பந்தம். தரப்படுத்தல் பிரச்சினையில்லாமல் முடிந்தால் நிரந்தரமாக்குவதாகத் தலைவி சொல்லியிருந்தார். இதையும் வீட்டில் எல்லோரும் அறிவார்கள்.

எங்கள் பகுதிக் கழகத்தைப் பரிசோதிக்கும் முறை எனக்கு வந்தது. வேறொருவரை அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே நானே போனேன்.

பரிசோதகர் பெயரோடு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போயிருந்தது. கழகத்தின் செயலாளர் எங்கள் தெருக்காரர், எங்களோடு அதே படகில் வந்த அங்கிள். அவருடைய மகளும் அதே அணிதான். வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நின்றார்.

"வாங்கோ மேடம், வாங்கோ! எங்கட பிள்ளை சோதிக்க வாறா எண்டா நாங்கள் சும்மா விடுவமே?"

மைதானக் கோடுகள் நேராக இருந்தன. முதலுதவியாளரின் சான்றிதழ் சரி. கோல்கம்பத்து மெத்தைகள் சரி. ஒவ்வொன்றாக அடையாளமிட்டுக்கொண்டு கட்டடத்துப் பக்கம் வந்தபோது, பொரித்த எண்ணெய் வாசம் அடித்தது. அது கன்ரீனிலிருந்து வரவில்லை. நடுவர் அறையின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

உள்ளே அம்மா நின்றார். கலியாண வீட்டுக்குப் போடும் சுடிதார், மேலே ஏப்ரன். நடுவர்கள் பை வைக்கும் வாங்கில் மின்னடுப்பும் எண்ணெய்ச் சட்டியும். உடுப்புக் கொளுவும் கொக்கிகளில் துவாய்களும் ஒரு பெரிய அகப்பையும். கழுவுதொட்டி நிறைய உருளைக்கிழங்குத் தோல். நான் வருகிறேன் என்று இரண்டு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு விடிய ஐந்து மணியிலிருந்து உருளைக்கிழங்குக் கறி வைத்து றோல்ஸ் சுற்றியிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே, தண்ணீர்ப் போத்தல் பெட்டியின் மேல் அன்றைய நடுவர் உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழக மாணவி. கையில் பாதி கடித்த றோல்ஸ்.

எங்கே உடுப்பு மாற்றினாய் என்று கேட்டேன்.

"கழிவறையில். பரவாயில்லை. இது மூன்றாவது, தெரியுமா? அந்த அன்ரி விடுகிறாரே இல்லை" என்றாள்.

நான் உள்ளே போனேன். "பிள்ளை, சுடச்சுட ஒண்டு எடு" என்றார் அம்மா.

"அம்மா, இது ஆரின்ர அறையெண்டு தெரியுமா?"

"கன்ரீன் குசினியில அடுப்புப் பழுது. இஞ்ச தண்ணி இருக்கு, பிளக் இருக்கு. அங்கிள்தான் திறந்து விட்டவர்."

"கதவில எழுதியிருக்கு."

"எழுதினது உனக்கு" என்றார் அம்மா, சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல். "எனக்குத் திறந்து கிடந்தது."

நான் கைபேசியை எடுத்தேன். புள்ளி குறைத்தால் படம் இணைக்க வேண்டும் என்பது விதி, அதுவும் நான் எழுதிய விதி. அம்மா என்னைப் பார்த்தார். "பொறு, பொறு" என்றார். ஏப்ரனைக் கழற்றினார். கையைத் துடைத்து, முன்நெற்றி மயிரை ஒதுக்கி, றோல்ஸ் தட்டத்தை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்லுத் தெரியச் சிரிப்பவர் அல்ல அவர். அன்று தெரிந்தது.

நான் பொறுத்தேன். அவர் சரியாக நின்ற பிறகுதான் எடுத்தேன்.

விளையாட்டுச் சப்பாத்தோடு டக்குடக்கென்று ஓடிவந்த தங்கை எட்டிப் பார்த்தாள். "ஏன் ஃபோட்டோ?"

"எங்கட வேலையை அங்க பெரியாக்களுக்குக் காட்டப் போறாள்" என்றார் அம்மா.

நான் ஒரு றோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. தங்கையின் அணி அன்று இருபது புள்ளி வித்தியாசத்தில் வென்றது, அவள் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து மூன்று ட்ரை போட்டாள். காருக்குள் இருந்து நடுவர் அறைக்கு நேரே பூச்சியம் போட்டேன்.

குழு செவ்வாய்க்கிழமை கூடியது. எங்கள் கழகத்தின் முறை வந்ததும் படத்தைத் திரையில் போட்டேன். சுவரளவுக்கு அம்மா, றோல்ஸ் தட்டத்தோடு.

ஐந்து பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் மோசம். "சமையலுக்குப் புள்ளி இருந்தால் நூறு போடலாம்" என்றார் ஒருவர். இன்னொருவர், முன்னாள் பயிற்றுநர், "நடுவரைப் பொரித்துவிட்டார்களா?" என்று கேட்டார். மறுபடி சிரிப்பு.

"இவர் யார்?" என்று தலைவி கேட்டார்.

"கன்ரீன் தொண்டர்" என்றேன்.

"எவ்வளவு சந்தோஷமாக நிற்கிறார் பாருங்கள்" என்றார் தலைவி. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஆனால் பூச்சியம் பூச்சியம்தான்" என்றார்.

வெற்றியில் ஆறாவதாக நின்ற அணி தாளில் ஒன்பதாவதானது. எட்டாவது இடத்துக்கு, எங்களுக்கு வடக்கே, வீட்டுக்கு வீடு நீச்சல் குளமுள்ள பகுதியின் கழகம் வந்தது. அவர்களைத் தங்கையின் அணி அந்தப் பருவத்திலேயே தோற்கடித்திருந்தது. அவர்களுடைய நடுவர் அறையில் வெந்நீர்க் குளியல் வசதி இருந்தது. நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

முடிவுக் கடிதத்தை எழுதியதும் நான்தான். ஞாயிறு பின்னேரம் அங்கிள் அதை அச்செடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பரிசோதனை அறிக்கையும் அதோடு இருந்தது, படத்தோடு, நிறத்தில். அவர் படத்தாளை மட்டும் தனியாக எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "படமெண்டா வடிவாத்தான் வந்திருக்கு."

அம்மா அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார். படத்தின் கீழிருந்த வரியில் விரல் வைத்தார். "இதில என்ன எழுதியிருக்கு?"

அவர் என்னைத்தான் கேட்டார். தங்கை எட்டித் தாளை வாங்கினாள். "நடுவர் அறை. பாவிக்கேலாத நிலை" என்று வாசித்தாள்.

"நான் நிக்கிறனெண்டு எழுதேல்லையோ?"

"இல்லை."

அம்மா தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். கோபப்படவில்லை. அங்கிள் தொண்டையைச் செருமினார். "மேன்முறையீடு செய்ய ஏழு நாள் இருக்காம். வழமை போல நீ ஒரு கடிதம் எழுதித் தா, பிள்ளை."

தங்கை வெடித்துச் சிரித்தாள். "அங்கிள், அவ எழுதின கடிதத்துக்கு அவவே பதில் எழுதுறதா?"

"என்னால ஏலாது அங்கிள்" என்றேன். "அது முறையில்லை."

"முறை!" என்றாள் தங்கை. "நான் எழுதுறன்."

"உன்ர இங்கிலிஷிலயா?"

இதை நான் சொன்னேன். சொல்லிய தொனியும் ஞாபகமிருக்கிறது.

"என்ர இங்கிலிஷ் அவங்களுக்கு விளங்கும்" என்றாள். "உன்ரதுதான் எங்களுக்கு விளங்காம எழுதினது." கைபேசியைத் தடவி எதையோ தேடினாள். "உங்கட வெப்சைட்டிலேயே போட்டிருக்கு. பரிசோதகர் விளையாடுற ஆளின்ர குடும்பமெண்டா ரிப்போர்ட் செல்லாது. திரும்பப் பரிசோதிக்க வேணும். நான் போய் ஒரே ஒரு வசனம் சொன்னாக் காணும். டன்."

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த விதி எனக்குத் தெரியாததல்ல.

"அதைச் சொல்லக் கூடாது" என்றார் அம்மா.

"ஏன்?"

"அக்கான்ர வேலை போயிடும்."

"அப்ப என்ர சீசன்? அம்மா, இது எனக்கு லாஸ்ட் இயர்."

"நீ ஓடுறது ஒரு வருசம். அவளின்ர வேலை எங்கள் எல்லாருக்கும். ஓடுறவளை ஆர் கூப்பிட்டுக் கதிரையில இருத்துறாங்கள்?" அம்மா இதைச் சமையலுக்கு உப்புச் சொல்வது போலச் சொன்னார். "அண்ணை, நீங்களும் வாய் திறக்கக் கூடாது."

அங்கிள் ஓம் என்று தலையாட்டினார். நான் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே அலுவலகத்தில் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை ஒருவேளை போயிருக்கும், ஒருவேளை வெறும் எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். எது நடக்குமென்று கணக்குப் பார்க்கக்கூட நான் விரும்பவில்லை. எனக்காக அம்மா முடிவெடுத்துவிட்டார் என்பது அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

மேன்முறையீட்டை அதே அறையில் விசாரித்தார்கள். தங்கை பள்ளிச் சீருடையில் வந்தாள், அங்கிள் கோட்டுப் போட்டிருந்தார். நான் மேசையின் முனையில் மடிக்கணினியோடு இருந்தேன். ஒரு தாளைப் பார்த்து அவள் மெதுவாக வாசித்தாள். எளிய ஆங்கிலம், பிழையில்லாத ஆங்கிலம். "ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் வீடுகளில் சமைப்போம். அன்று தவறான அறையில் சமைத்துவிட்டோம். நடுவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அது ஒரு சனிக்கிழமை. மற்றச் சனிக்கிழமைகளில் அந்த அறை சுத்தமாக, பூட்டிக் கிடக்கும். எந்த நடுவரையும் கேளுங்கள்."

தலைவி அவளைக் கனிவோடு பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு சனிக்கிழமைக்கு நம்முடைய தாளில் இடம் இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். "பரிசோதித்த அன்றைய நிலைக்குத்தான் புள்ளி."

"பரிசோதனை நடந்த விதம் பற்றிக் கழகத்துக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று தலைவி கேட்டார். இது எல்லா மேன்முறையீட்டிலும் கேட்கப்படும் கேள்வி.

அங்கிள் தன் சப்பாத்தைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தாள். தலைவியை அல்ல, என்னை. விசாரணைக்காகப் போட்ட அந்தப் படம் திரையில் இருந்தது.

"படத்தில் நிற்பவர் என் அம்மா" என்றாள்.

"அழகான சிரிப்பு" என்றார் தலைவி.

"தெரியும்."

அவள் காத்திருந்தாள். தலைவி அவள் இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தார். எனக்குத்தான் தெரியும், அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று. நான் விசைப்பலகையில் கையை வைத்தபடி இருந்தேன்.

"வேறு ஏதாவது?" என்றார் தலைவி.

"இல்லை."

மேன்முறையீட்டாளர் மேலதிகமாக எதுவும் கூறவில்லை என்று தட்டச்சு செய்தேன். ஐந்து கைகள் உயர்ந்தன. மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது. அவர்கள் போன பிறகு தலைவி என் தோளைத் தொட்டு, தாள் தாக்குப்பிடித்துவிட்டது என்றார். அடுத்த வாரம் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார்.

விசாரணை நடந்த அன்று மாலை தங்கையைக் காரில் கூட்டிக்கொண்டு போக நின்றேன். அவள் ஏறவில்லை.

"நீ சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"அம்மாவுக்குச் சத்தியம் பண்ணினனான். நீ பண்ணினியா?"

"இல்லை."

"அதான். நீ சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்." பள்ளிப் பையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "இட்ஸ் ஓகே அக்கா. நீ ரொய்லட்டை எண்ணு." அங்கிளின் காரை நோக்கி நடந்தாள். ஓடவில்லை.

இரண்டாம் பிரிவில் அவர்களுக்கு எதிராக நிற்க அணியில்லை. அறுபதுக்குப் பூச்சியம், ஐம்பத்தெட்டுக்கு நான்கு. ஒரு ஆட்டத்தில் அவள் ஆறு ட்ரை போட்டாள். திங்கட்கிழமைகளில் முடிவுகளைப் பதிவேற்றுவது என் வேலை என்பதால் எனக்குத் தெரியும். நேரே போய்ப் பார்த்தது ஒரேயொரு முறை. கோட்டோரத்தில் பெற்றோர் நின்றார்கள். கையில் தாளோடு தெரிவாளர் ஒருவரும் நிற்கவில்லை. பாதி ஆட்டத்துக்குப் பிறகு அவள் எதிரணிப் பிள்ளைகளைச் சுற்றி ஓடாமல் வேண்டுமென்றே அவர்கள் மேல் போய் மோதினாள். பயிற்றுநர் அவளை வெளியே எடுத்தார்.

மாவட்ட அணியின் பெயர்ப்பட்டியல் குளிர்காலத்தின் கடைசியில் என் மேசைக்கு வந்தது. இணையதளத்தில் போடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். விங் இடத்துக்கு எடுக்கப்பட்ட இரண்டு பேரில் ஒருத்தி வடக்குக் கழகத்துப் பிள்ளை. தங்கை ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை தாண்டிப் போன பிள்ளை. பதிவுகளைப் பார்த்தேன். வயது சரி, கழகம் சரி, விதிப்படி எல்லாம் சரி. தங்கையின் பெயர் அதில் இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினேன். பிறகு வெளியிட்டேன்.